ரைடு ரிவ்யூ இல்ல, க்யூ ரிவ்யூ

தீம் பார்க் போயிட்டு வந்தவங்க எல்லாம் ரைடு பத்தி தான் எழுதுவாங்க, இது தலைகீழா தொங்கவிட்டுச்சு, அது வயித்த கலக்கிச்சுன்னு. ஆனா கணக்கு போட்டா ரைடுக்குள்ள நம்ம இருக்குறது ஒண்ணரை நிமிஷம், மிஞ்சிப் போனா மூணு நிமிஷம். மிச்ச நேரம் பூரா க்யூல தான் நிக்குதோம், டிக்கெட்டு காசுல பெரும்பங்கு நிக்கிறதுக்கு தான் குடுக்கோம். அதனால இந்த ரிவ்யூ க்யூவ பத்தி மட்டும். இப்பம் க்யூக்குள்ளயே போன் கேம், பெரிய ஸ்கிரீன், தட்டி விளையாடுற சாமான், மைக் புடிச்ச ஆளுன்னு என்னென்னமோ வைக்க ஆரம்பிச்சிருக்காவ இல்லியா, அதுல எது உருப்படி எது தண்டம்னு பாக்கலாம்.

பார்க் பேரு போடல. நாரோயில்ல ராத்திரி சாப்பாட்ட முடிச்சிட்டு வேன் ஏறுனா விடியக்காலம் போய் இறங்குற தூரம், அவ்வளவு தெரிஞ்சா போதும். குறையும் ஒருபாடு சொல்லப் போறேன், அதுக்கு பேரு போட்டு யாரு சண்டைக்கு நிக்க. போனது ஒரு வேன் நெறைய ஆளு, அம்மை, அண்ணன், மைனி, ரெண்டு வீட்டு பிள்ளைங்க, என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு அக்கா குடும்பம். அண்ணன் அபுதாபில இருந்து லீவுக்கு வந்திருந்தான், அங்க உள்ள பெரிய பார்க்கெல்லாம் பாத்த ஆளு, அதனால எதப் பாத்தாலும் அங்க இப்படி இருக்கும் அங்க அப்படி இருக்கும்னு ஒரே கம்பேரிசன். ஃபெராரி வேர்ல்டுல மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்துல போற கோஸ்டர் இருக்கு, அதப் பத்தி அவன் வேன்லயே அரை மணிநேரம் கதை சொன்னான், அதுக்கு எவ்வளவு நேரம் நின்னன்னு மைனி கேட்டதும் ஆளு சத்தமே இல்ல.

முதல்ல அந்த போன் கேம். எல்லாரும் காலையில கேட்டு திறந்ததும் ஓடுற ரோலர் கோஸ்டர், அதோட க்யூ வாசல்ல ஆளுயரத்துக்கு ஒரு போர்டு. கியூஆர் கோட ஸ்கேன் பண்ணுங்க, நின்னுக்கிட்டே விளையாடுங்க, நல்ல ஸ்கோர் அடிச்சா மேல தொங்குற ஸ்கிரீன்ல உங்க பேரு வரும்னு போட்டிருந்துச்சு. கேக்க கொள்ளாம். ஆனா இது பாதி வாட்டர் பார்க்கு. வந்த ஆளுங்கள்ல முக்காவாசி பேரு நனைஞ்ச துணியோட, போன லாக்கர்ல வச்சு பூட்டிட்டு சாவிய கைல மாட்டிக்கிட்டு தான் சுத்துதாவ. அது போதாதுன்னு கோஸ்டர்ல போன் கொண்டு ஏறக் கூடாதுன்னு அவங்களே அதே வாசல்ல எழுதி வச்சிருக்காவ. போன கொண்டு வராதேன்னு சொல்லுததும் அவங்க தான், போன்ல விளையாடுன்னு சொல்லுததும் அவங்க தான். இதை யோசிச்சவரு ஏசி ரூம்ல உக்காந்து தான் யோசிச்சிருக்கணும், ஒருநாளும் நனைஞ்சுக்கிட்டு அந்த க்யூல நின்னிருக்க மாட்டாரு.

எங்க கூட்டத்துல கைல போன் வச்சிருந்தது அண்ணனும் வீட்டுக்காரரும் மட்டும். ஸ்கேன் பண்ணுனா நேரா கேம் வராது, ஆப் இறக்கணும், இறக்குனா நம்பர் கேக்கும், நம்பர் குடுத்தா ஓடிபி வரும், அத்தன ஆளு ஒரே இடத்துல நெருக்கி நிக்கும்போ நெட்டு எங்கன இருந்து கிட்டும், அந்த வட்டம் சுத்துது சுத்துது சுத்திக்கிட்டே கெடக்கு, பாதி க்யூ அதுலயே போச்சு. கடைசில கேம் திறந்தா மேல இருந்து பழம் விழுது, கூடையில புடிக்கணும். இவ்வளவு தான். இது மாதிரி கேம் எங்க பிள்ளைங்க போன்ல ஏற்கனவே ஒரு குவியலே கெடக்கு. கோஸ்டருக்கும் பழத்துக்கும் என்ன சம்பந்தம்னு இப்ப வரைக்கும் எனக்கு வெளங்கல. எழுத்து பூரா இங்கிலீஷ். "என்னலே எழுதியிருக்கு அதுல"ன்னு அம்மை கேக்க, "ஒண்ணுமில்லம்மா, பழம் பொறுக்கணுமாம்"னு அண்ணன் சொல்ல, "அதுக்கு நம்ம வெளையில பொறுக்கலாமே, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்"னு அம்மை கேட்டா பாருங்க. இந்த ஆப்புக்கு அதுக்கு மேல ஒரு ரிவ்யூ நான் எழுத வேண்டாம்.

இதுல இன்னொரு சள்ளை. ஒரு போனு, நாலு பிள்ளைங்க. அடுத்தது நான் அடுத்தது நான்னு அடிபிடி. அதோட போன் பாக்குறவன் நடக்க மாட்டான், முன்னால ரெண்டு மீட்டர் காலியா கெடக்கும், இவன் குனிஞ்சு பழம் புடிச்சுக்கிட்டு நிப்பான், பின்னால இருந்து "அண்ணே நவருங்க, அண்ணே நவருங்க"ன்னு சத்தம், அந்த கேப்புல நாலு பயலுவ கம்பிக்கு கீழ குனிஞ்சு உள்ள பூந்துட்டாங்க. கேம் வச்சது நேரம் போறதுக்கு, நடந்தது சண்டை. வீட்டுக்கு வந்த பொறவு ஆஃபர் மெசேஜா வந்து குமியுது வேற, அப்பம் தான் அந்த நம்பர் எதுக்கு கேட்டாவன்னு புரிஞ்சுச்சு.

போன் கேமே தப்புன்னு நான் சொல்லல. டிஸ்னிகாரங்களும் 2018ல ப்ளே டிஸ்னி பார்க்ஸ்னு ஒரு ஆப் விட்டாங்க. ஆனா அதுல சில ரைடு க்யூவுக்கு அந்தந்த ரைடு கதையோட ஒட்டி தனித்தனியா கேம் பண்ணியிருக்காவ, வீட்ல சோஃபால படுத்துக்கிட்டு விளையாடுற கேம் இல்ல. இங்கன அந்த ஒட்டுதலே கிடையாது, ரெடிமேடா ஒரு கேம வாங்கி மேல லோகோ ஒட்டிட்டாவ.

நிக்கிற நேரம் ஏன் இப்படி இழுக்குதுன்னு டேவிட் மெய்ஸ்டர்னு ஒருத்தரு 1985லயே ஒரு கட்டுரை எழுதியிருக்காரு, மேனேஜ்மென்ட் படிச்சவங்களுக்கு தெரிஞ்சிருக்கும். சும்மா நிக்கிற நேரம் ஏதாவது செஞ்சுக்கிட்டு நிக்கிற நேரத்த விட நீளமா தோணும்னு அதுல உண்டு, எல்லா பார்க்காரங்களும் அந்த ஒண்ண மட்டும் புடிச்சுக்கிட்டாங்க போல. அதே கட்டுரையில வேற சிலதும் இருக்கு. எவ்வளவு நேரம் ஆவும்னு தெரியாம நிக்கிறது தெரிஞ்சு நிக்கிறத விட நீளமா தெரியும், ஏன் நிக்குதோம்னு காரணம் சொல்லாட்டி இன்னும் நீளம், நமக்கு பின்னால வந்தவன் முன்னால போனா அதுவும் நீளம். எங்க க்யூல இது அத்தனையும் இருந்துச்சு. எத்தன நிமிஷம் ஆவும்னு ஒரு போர்டு கிடையாது, நிக்கிற ஸ்டாஃப் பையன்கிட்ட கேட்டா "இப்பம் ஆயிரும்"ங்குறான், கோஸ்டர் நடுவுல கொஞ்ச நேரம் நின்னே போச்சு, ஏன்னு ஒருத்தரும் வாய் திறக்கல. மேல ஸ்கிரீன்ல மட்டும் யாரோ ஒருத்தன் பழம் புடிச்ச ஸ்கோர் ஓடிக்கிட்டு இருக்கு. அந்த ஸ்கிரீன்ல "இங்கிருந்து 40 நிமிஷம்"னு ஒரு வரி போட்டிருந்தா பாதி வெப்ராளம் கொறஞ்சிருக்கும், அதுக்கு ஆப்பும் வேண்டாம் ஓடிபியும் வேண்டாம்.

அந்த நிமிஷத்த கணக்கு போடுறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ஒரு ட்ரெயின்ல 24 பேரு ஏறுதாவ, ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒரு ட்ரெயின் கெளம்புதுன்னு வைங்க, மணிக்கு 40 ட்ரெயின், 960 பேரு போவாங்க. உங்களுக்கு முன்னால 480 பேரு நின்னா உங்க முறை வர அரை மணிநேரம். அதே ட்ரெயின் பெல்ட்டு மாட்டுறதுல தாமசிச்சு ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு கெளம்புனா மணிக்கு 720 பேரு தான், அரை மணிநேரம் 40 நிமிஷம் ஆயிரும். வெறும் முப்பது செகண்டு தான் வித்தியாசம். நாங்க போன அன்னைக்கு ஏத்தி இறக்குற இடத்துல ரெண்டே ரெண்டு பசங்க, அவனே பெல்ட்டு மாட்டணும், அவனே கண்ணாடி கழட்ட சொல்லணும், அவனே செருப்ப ரேக்ல வைக்க சொல்லணும், பாவம் ஓடி ஓடி பாத்தான். கேமுக்கு போட்ட காசுல அங்க இன்னும் ரெண்டு பேர நிறுத்தியிருந்தா க்யூவே கொறஞ்சிருக்கும். விளையாட்டு காட்டி நேரத்த மறக்கடிக்கலாம், ஆனா கொறைக்க முடியாது.

இதுல டிஸ்னி செஞ்ச ஒண்ணு எனக்கு ரொம்ப பிடிக்கும். ஃப்ளோரிடாவுல மேஜிக் கிங்டம்ல டம்போன்னு பறக்குற ஆனை ராட்டினம் உண்டு, சின்ன பிள்ளைங்க ரைடு, எப்பமும் கூட்டம். 2012ல அதை மாத்தி அமைக்கும்போ முதல்ல ராட்டினத்தையே ரெண்டா ஆக்குனாங்க. அதோட க்யூக்கு பதிலா ஒரு கூடாரத்துக்குள்ள சர்க்கஸ் மாதிரி விளையாட்டு இடம் கட்டுனாங்க, பிள்ளைங்க உள்ள போய் ஏறி சறுக்கி விளையாடலாம், பெரியவங்க கைல அப்போ ஒரு பேஜர் குடுத்தாங்க, முறை வந்ததும் அது கரகரன்னு அதிரும், அப்பம் எழுந்து போனா போதும்னு இருந்துச்சு. முதல்ல ரைடு திறன கூட்டு, அப்புறம் விளையாட்ட வை. இந்த வரிசைய மாத்துனா தான் கோளாறு.

இப்பம் நல்லத சொல்லுதேன். அந்த பார்க்குல தண்ணில மிதக்குற டயர் ரைடு ஒண்ணு உண்டு, அதோட க்யூ வளைஞ்சு வளைஞ்சு போவுற ஒரு மதில் பூரா பிவிசி பைப்ப நட்டு வச்சிருக்காவ, ஆள் உயரத்துல ஆரம்பிச்சு முழங்கை நீளம் வரைக்கும், வாய்ப்பக்கம் மேல பாத்து. பக்கத்துல கயித்துல கட்டுன ரப்பர் மட்டை. அதால பைப் வாயில ஒரு அடி போட்டா தும்முன்னு சத்தம் வரும், நீள பைப்புக்கு அடித்தொண்டை, குட்டை பைப்புக்கு கீச்சு குரல். அவ்வளவு தான் சங்கதி. கரண்டு இல்ல, நெட்டு இல்ல, நம்பர் கேக்காது, நனைஞ்சா கெட்டுப் போவாது, எந்த பாஷைகாரனும் அடிக்கலாம்.

அங்க நடந்தத பாக்கணுமே. அண்ணன் மக முதல்ல ஒண்ண தட்டுனா, என் மவன் அடுத்தத தட்டுனான், முன்னால பாலக்காட்டுல இருந்து வந்த ஒரு குடும்பம், அதுல ஒரு தாத்தா நல்ல செண்டைமேளம் கேட்டு வளந்த கை போல, ஒரு தாளம் புடிச்சாரு, நாலு பைப்ப வச்சே. பின்னால நின்ன காலேஜ் பசங்க அத அப்படியே வாங்கி அடிக்க ஆரம்பிச்சாங்க, எங்க மைனி, சாதாரணமா வெளிய வந்தா வாயே திறக்காதவங்க, மட்டைய வாங்கி ரெண்டு அடி. அம்மைக்கு பழைய ஞாபகம், "சுசீந்திரம் கோயில் தூணு மாதிரில்லா இருக்கு"ன்னா. கல்லுல பண்ணுனதுக்கும் பிளாஸ்டிக்குல பண்ணுனதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது, ஆனா தட்டுனா சத்தம் வரும்னு தெரிஞ்சதும் மனுசன் கை சும்மா இருக்காது, அது ரெண்டுக்கும் பொது.

முக்கியமா க்யூ நிக்கல. பைப்பு மதில் பூரா நீளமா இருக்குறதால நடந்துக்கிட்டே அடிக்கலாம், ஒருத்தன் அடிச்சுட்டு நவுந்தா அடுத்தவன் அந்த பைப்புக்கு வருவான், யாரும் யாரையும் தள்ள வேண்டாம். ஒரே ஒரு மெஷின ஒரு மூலையில வச்சா அங்க கூட்டம் சேந்து க்யூ அடைச்சுக்கும், இது அப்படி இல்ல. இதே சங்கதிய டிஸ்னில 2011ல ஹான்டட் மேன்ஷன் பேய் வீட்டு க்யூல செஞ்சிருக்காவ, அங்க கல்லறை மாதிரி ஒண்ணு கட்டி அதுல இசைக்கருவிங்கள செதுக்கி வச்சிருக்கு, தொட்டா அந்த கருவி சத்தம் வரும். இன்னொரு கல்லறையில புத்தகம் அடுக்கியிருக்கும், ஒண்ண உள்ள தள்ளுனா இன்னொண்ணு வெளிய வரும். இதெல்லாம் வேண்டாங்கிறவங்க நேரா போறதுக்கு பக்கத்துலயே தனி வழியும் உண்டு. அந்த தனி வழி தான் நம்ம ஊரு பார்க்ல யாருக்கும் தோணாத விஷயம். விளையாட விருப்பம் இல்லாதவன ஏன் விளையாடுறவன் பின்னால நிறுத்தணும்.

இன்னும் பழசு ஒண்ணு இருக்கு, கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டுல 1995ல திறந்த இண்டியானா ஜோன்ஸ் ரைடு. க்யூல ஒரு கிணறு, மேல ஒரு கயிறு, கயித்த இழுக்காதேன்னு எழுதி வச்சிருப்பாங்க. இழுக்காதேன்னு எழுதுனா எவனாவது இழுக்காம போவானா? இழுத்தா உள்ள இருந்து சத்தம் கேக்கும். அது மட்டும் இல்ல, சுவரு பூரா ஒரு புதிரான எழுத்துல என்னமோ எழுதி வச்சு, திறந்த புதுசுல அத படிக்க ஒரு அட்டையும் கைல குடுத்தாங்க, ஒவ்வொரு எழுத்தா பாத்து பாத்து வாசிச்சுக்கிட்டே நடக்கலாம். வெறும் அட்டை பாருங்க. முப்பது வருசத்துக்கு முன்னால ஒரு துண்டு அட்டையில முடிச்ச சோலிய இப்பம் ஓடிபி போட்டு கெடுக்காங்க. தமிழ்ல இப்படி ஒண்ணு பண்ணுனா எப்படி இருக்கும், வட்டெழுத்த ஒரு சுவருல எழுதி வச்சு அட்டைய கைல குடுத்தா எங்க அண்ணன் மக ரைடே வேண்டாம்னுருவா.

இதுக்கு அடுத்ததா ஒரு சங்கடமான சமாச்சாரம். அலைக்குளம் பக்கத்துல உள்ள சறுக்கு க்யூல பெரிய ஸ்கிரீன், அதுக்கு மேல கேமரா. க்யூல நிக்கிறவங்கள காட்டும், தலைக்கு கிரீடம் வைக்கும், மீசை ஒட்டும், ஆட சொல்லும், யாரு நல்லா ஆடுறாங்களோ அவங்க மூஞ்சிய பெருசாக்கி காட்டும். வேற எங்கயாவது வச்சா தமாஷ் தான், பிள்ளைங்களுக்கு உயிரு. ஆனா இது எல்லாரும் தொப்பலா நனைஞ்சு நிக்கிற இடம். எந்த பொம்பளைக்கு நனைஞ்ச துணியோட பத்தடி ஸ்கிரீன்ல தன்ன பாக்க பிடிக்கும், கீழ நின்னு போன்ல வீடியோ எடுக்கிறவன் வேற இருக்கான். பக்கத்து வீட்டு அக்கா துண்ட இழுத்து போத்திக்கிட்டு என் பின்னால வந்து நின்னுட்டாவ, அந்த க்யூ முடியுற வரைக்கும் அவங்க முகமே சரியில்ல. கேமராவ ஒரு ஓரத்துல வச்சு, தரையில ஒரு வட்டம் வரைஞ்சு, அதுக்குள்ள விரும்பி ஏறி நிக்கிறவங்கள மட்டும் காட்டுனா போதுமே. பிள்ளைங்க ஓடிப் போய் நிப்பாங்க, மத்தவங்க நிம்மதியா போவாங்க. ஸ்டாஃப்கிட்ட சொன்னோம், எழுதி குடுங்கன்னாங்க, மைனி உக்காந்து முத்து முத்தா எழுதி குடுத்துட்டு தான் வந்தாவ.

வாட்டர் பார்க்ல போன் இல்லாம என்ன செய்யன்னு கேட்டா அதுக்கும் வழி இருக்கு. ஆர்லாண்டோவுல யுனிவர்சல்காரங்க 2017ல வால்கேனோ பேன்னு ஒரு வாட்டர் பார்க் திறந்தாங்க, திறந்தப்போ உள்ள போனதும் கைல டபுடபுங்குற பேருல ஒரு பட்டை கட்டி விட்டாங்க, தண்ணில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது. ரைடு வாசல்ல தட்டுனா நமக்கு பதிலா அது க்யூல நின்னுச்சு, முறை வந்தா பட்டையில காட்டுச்சு, அதுவரைக்கும் வேற எங்கயாவது குளிக்கலாம்னு இருந்துச்சு. சில இடத்துல அதே பட்டைய தட்டுனா தண்ணி பீச்சுச்சு, லைட்டு எரிஞ்சுச்சு. ஜப்பான்ல ஒசாகாவுல 2021ல திறந்த நின்டெண்டோ பார்க்லயும் கைப்பட்டை கட்டிக்கிட்டு அங்கங்க உள்ள பெட்டிய குத்தி நாணயம் சேக்கலாம். இங்கன லாக்கர் சாவிக்கு எப்படியும் ஒரு பட்டை கட்டி தானே விடுதாவ, அதுலயே ஒரு சின்ன சிப்ப வச்சா முடிஞ்சு போச்சு.

ஃபாஸ்ட் டிராக் பத்தி சொல்லாம இருக்க முடியாது. கூட காசு குடுத்தவன் பக்கத்து வழியா சர்ருன்னு போவான். காசு குடுக்குறான் போறான், அதுல எனக்கு பெரிய கோவம் இல்ல. ஆனா நம்ம நிக்கிற க்யூவ ஒட்டியே, கைக்கெட்டுற தூரத்துல அவங்க வழிய வச்சா எந்த கேம் வச்சும் பிரயோஜனம் இல்ல, எல்லார் கண்ணும் அங்க தான். ரெண்டு கம்பிக்கு நடுவுல ஒரு தட்டி மறைச்சு வைக்கக் கூடவா தெரியாது. டிஸ்னில 1999ல ஃபாஸ்ட்பாஸ்னு ஆரம்பிச்சப்போ அது எல்லாருக்கும் சும்மா கிட்டுச்சு, 2021ல தான் அங்கயும் காசாக்குனாங்க, அதுக்கு அவங்க ஊரு ஜனமே இன்னும் ஏசிக்கிட்டு தான் இருக்கு.

அன்னைக்கு மனசு நிறைஞ்சது அந்த பைப்புலயும், ஒரு பையன்கிட்டயும். மத்தியானம் வெயில் மண்டைய பொளக்குற நேரம், ராட்சச ஊஞ்சல் க்யூல எல்லாரும் வாடிப் போய் நிக்காங்க. மைக்க புடிச்சுக்கிட்டு ஒரு பையன் வந்தான், இருபத்தி ரெண்டு இருபத்தி மூணு வயசு இருக்கும், முதல் கேள்வியே "தமிழா மலையாளமா, ரெண்டும் தெரிஞ்சவங்க கைய தூக்குங்க"ன்னான். எங்க வேன் மொத்தமும் கைய தூக்கிச்சு, பின்ன எந்த ஊருன்னு நெனச்சான். "அப்பம் நீங்க தான் இன்னைக்கு மொழிபெயர்ப்பாளர்"னு அண்ணன புடிச்சு முன்னால நிறுத்திட்டான். விடுகதை தமிழ்ல ஒண்ணு மலையாளத்துல ஒண்ணு, தப்பா சொன்னா க்யூ முழுக்க ஒரு அடி பின்னால போவணும், சரியா சொன்னா ஒரு அடி முன்னால, சும்மா விளையாட்டுக்கு தான், ஆனா ஜனம் அந்த ஒரு அடிக்கு உயிர குடுத்துச்சு. அதுக்கு நடுவுல ஒரு சின்ன பிள்ளை அழுதத பாத்து மைக்க கீழ வச்சிட்டு போய் தண்ணி வாங்கி குடுத்துட்டு வந்தான். இத எந்த மெஷினு செய்யும். ஊஞ்சல் ஏன் லேட்டாவுதுன்னும் அவன் தான் மறைக்காம சொன்னான், காத்து ஜாஸ்தி, கொறஞ்சதும் ஓட்டுவாங்க, எப்படியும் கால் மணிநேரம் ஆவும், அவசரம் உள்ளவங்க சாப்பிட்டுட்டு வாங்கன்னு. நாலஞ்சு குடும்பம் அப்படியே சாப்பிட கெளம்பிட்டு, மிச்ச ஆளு ஒரு முணுமுணுப்பு இல்லாம நின்னாங்க. அவன் பத்து பதினஞ்சு நிமிஷம் இருந்துட்டு அடுத்த க்யூக்கு போயிட்டான், பார்க் பூராவுக்கும் அவன் ஒருத்தன் தானாம்.

கன்னியாகுமரி போட் க்யூல நின்னவங்களுக்கு நான் சொல்லுத இன்னொண்ணு புரியும். விவேகானந்தர் பாறைக்கு போவ அங்க சீசன்ல நிக்கிற கூட்டம் எந்த தீம் பார்க்குக்கும் கொறஞ்சது இல்ல, 2024 டிசம்பர் கடைசில கண்ணாடி பாலம் திறந்ததுக்கு அப்புறம் கேக்கவே வேண்டாம். அங்க கேம் ஒண்ணும் கிடையாது. ஆனா நடக்குற சங்கதி கண்ணு முன்னால நடக்கும், போட் போவுது, போட் வருது, அக்கரையில பாறை தெரியுது, 133 அடி வள்ளுவர் நிக்காரு, இந்த போட்ல முன்னால உள்ளவங்க போனா அடுத்ததுல நம்மன்னு நம்மளே கணக்கு போட்டுக்கலாம். கோட்டாறு சவேரியார் திருவிழாவுல ராட்டினத்துக்கு நிக்கிறப்பவும் அப்படி தான், மேல சுத்துறவன் அலறுறத பாத்து கீழ நிக்கிறவன் சிரிப்பான், அதுலயே முறை வந்துரும். இந்த பார்க்ல கோஸ்டர் க்யூவ நாலு பக்கமும் தகரத்த அடிச்சு மறைச்சு, உள்ள இருட்டாக்கி, அதுக்குள்ள ஸ்கிரீன தொங்க விட்டிருக்காவ. பக்கத்துல ட்ரெயின் கடகடன்னு போற சத்தம் கேக்குது, ட்ரெயின பாக்க முடியல. அந்த தகரத்துல ஜன்னல் மாதிரி நாலு இடத்துல வெட்டி விட்டிருந்தா அத விட பெரிய என்டர்டெயின்மென்டு எது?

வயசானவங்கள கூட்டிட்டு போறவங்க இத கவனிங்க. பைப்பு க்யூல மட்டும் தான் மதில ஒட்டி சாஞ்சு உக்கார ஒரு திண்டு இருக்கு, அம்மை அதுல உக்காந்து உக்காந்து தான் நவுந்தா. கோஸ்டர் க்யூல ஃபேன் உண்டு, ஆனா வளைவுக்கு ஒண்ணு தான், அதுக்கு கீழ இடம் பிடிக்கவே தனி போட்டி. குடிக்க வெள்ளம் எந்த க்யூக்குள்ளயும் இல்ல, நடுவுல பாத்ரூம் போவணும்னா வெளிய போய் திரும்ப பின்னால இருந்து தான் வரணும், பிள்ளைங்கள முதல்லயே கூட்டிட்டு போயிருங்க.

போற ஆளுங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்லுதேன். வார நாள்ல போங்க, ஸ்கூல் லீவு இல்லாத மாசம் பாத்து. கேட்டு திறந்ததும் எல்லாரும் இடது பக்கம் கோஸ்டருக்கு ஓடுவாங்க, நீங்க நேரா ராட்சச ஊஞ்சலுக்கு போங்க, மத்தியானத்துக்கு அப்புறம் காத்து கூடுனா அத நிறுத்திருவாங்க. டயர் ரைட வெயில் உச்சிக்கு வரும்போ வச்சுக்கோங்க, அந்த க்யூல கூரை உண்டு, பைப்பும் உண்டு. போன தைரியமா லாக்கர்ல வச்சு பூட்டுங்க, ஆப்ப இறக்க வேண்டாம். சறுக்குக்கு போறதுன்னா கேமரா வலது பக்க தூண்ல இருக்கு, இடது கம்பிய ஒட்டி நடந்தா ஸ்கிரீன்ல விழ மாட்டீங்க, இத பக்கத்து வீட்டு அக்கா ரெண்டாவது தடவ போவும்போ கண்டுபிடிச்சது. மைக் பையன் எந்த நேரம் எங்க வருவான்னு வாசல்ல உள்ள தகவல் கவுண்டர்ல கேட்டா சொல்லுவாங்க, அத கேட்டுட்டு அந்த நேரம் அந்த க்யூல போய் நில்லுங்க. சாப்பாட்டு கூடத்துல தான் அன்னைக்கு பெரிய க்யூ, அங்க ஒரு கேமும் இல்ல, டோக்கன் நம்பர் ஓடுற போர்டும் இல்ல, ஒருத்தர் தொண்டை கிழிய நம்பர் கூப்பிட்டுக்கிட்டு நின்னாரு, அதனால பன்னெண்டு மணிக்கு முன்னாலயே சாப்பிட்டுருங்க.